உன் அப்பா முகூர்த்தத்துக்கு வருவார்

என் கண்ணு,

போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய். கடிதத்தில் குறுக்கே பேச வழியில்லை, அதனால்தான் எழுதுகிறேன். முழுவதையும் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு. பாதியில் நிறுத்திவிட்டு எனக்குப் போன் போட்டால் எடுக்க மாட்டேன், இப்போதே சொல்லிவிட்டேன். இதில் நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். சேலத்து மண்டபத்தில் நீ தேன்மொழிக்குத் தாலி கட்டும்போது உன் அப்பா அங்கே இருப்பார். நான் கார் ஓட்டி அழைத்து வருவேன். மற்றதெல்லாம் அது எப்படி நடக்கும் என்பதற்கான விளக்கம்.

போன வாரம் நீ பேசியதை நான் மறக்கவில்லை. "அம்மா, அப்பா மலையிலயே இருக்கட்டுங்க. தாலி கட்டி முடிஞ்சதும் நானும் அவளும் நேரா ஊட்டுக்கு வந்து கால்ல உழுந்துக்கறோம். நிச்சயத்தன்னிக்கு நடந்தது இன்னொருக்கா நடந்தா என்னால தாங்க முடியாதுங்கம்மா" என்றாய். பாசத்தில்தான் சொன்னாய், எனக்குத் தெரியாதா? அப்பாவும் "செரி சாமி" என்றார். நீ கேட்டது அந்த இரண்டு வார்த்தையை மட்டும். நான் பார்த்தது வேறு. போனை அவர் காதிலிருந்து எடுத்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். கழுத்துக்குக் கீழே எதையும் அசைக்க முடியாத மனிதருக்குக் கோபித்துக்கொள்ள இருக்கும் வழி அது ஒன்றுதான். அன்று ராத்திரி சாப்பாடு வேண்டாம் என்றுவிட்டார். மறுநாள் காலையில் பல் துலக்கிவிடும்போது, "அவஞ் சொல்றதும் நாயந்தான புள்ள. நல்ல நாளும் அதுவுமா நான் போயி ஒரு பாரமா எதுக்கு" என்றார். பாரம் என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. உன்மேல் கொஞ்சம், அவர்மேல் கொஞ்சம், அந்தக் காரின் மேல் நிறைய.

தேன்மொழியும் இதைப் படிப்பாள், படிக்கட்டும். அவளுக்காகக் கொஞ்சம் பழசையும் சொல்லிவிடுகிறேன். அம்மணி, உன் மாமனார் மிளகு பறிக்க ஏறினவர். எங்கள் காப்பித் தோட்டத்தில் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்கும், அதற்கு மூங்கில் ஏணி வைத்துத்தான் பறிக்க வேண்டும். பனியில் வழுக்கி ஏணி சாய்ந்தது. கழுத்து நரம்பு போயிற்று. கை போயிற்று, கால் போயிற்று என்று நாங்கள் அழுதுகொண்டிருந்தபோது டாக்டர் இன்னொன்றும் சொன்னார். கழுத்துக்குக் கீழே இவருக்கு இனிமேல் வேர்க்காது, வெயிலில் மட்டும் பத்திரம் என்றார். கையும் காலும் போன இடத்தில் வேர்வையைப் பற்றி யார் கவலைப்படுவார்கள்? அதிலும் ஏற்காட்டு மலைமேல் இருக்கும் நம் வாழவந்தியில். இங்கே சித்திரையில்கூட ராத்திரி கம்பளி வேண்டும். அதனால் அந்தப் பேச்சை நாங்கள் அப்போதே மறந்துவிட்டோம்.

நிச்சயதார்த்தத்தன்று அது எங்களுக்கு ஞாபகம் வந்தது. பங்குனி வெயில். வீட்டில் கிளம்பும்போது குளிர், அப்பாவுக்குப் பட்டுச் சட்டைமேல் ஸ்வெட்டர் போட்டு ஏற்றினேன். இறங்க இறங்க ஸ்வெட்டரைக் கழற்றினேன். மலையடிவாரத்துக் குப்பனூருக்கு வந்ததும் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசி பட்டனை அழுத்தினேன். காற்று வந்தது. வெறும் காற்று மட்டும்தான் வந்தது. சரி, கொஞ்ச நேரத்தில் குளிரும் என்று ஓட்டினேன். குளிரவில்லை. கண்ணாடியை இறக்கினால் அனல் அடிக்கிறது. "ஏனுங்க, செரியா இருக்கீங்களா" என்றால், "தல கிர்ருங்குது, நீ ஓட்டு" என்றார். அடுத்த தடவை கேட்டபோது பதில் குழறியது. ஒரு டீக்கடை ஓரமாக நிறுத்தி நெற்றியைத் தொட்டேன், சுட்டது. நெஞ்சைத் தொட்டேன், அதைவிடச் சுட்டது. ஆனால் தோல் உலர்ந்த துணி மாதிரி இருந்தது. ஒரு சொட்டு வேர்வை இல்லை. டீக்கடைக்காரர் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். பட்டுச் சட்டையோடு அவர் தலையில் நான் தண்ணீர் ஊற்றியதும், பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனதும் உனக்குத் தெரியும் கண்ணு. நிச்சயத் தட்டு மாற்றும்போது அப்பா உட்கார வேண்டிய இடத்தில் உன் பெரியப்பா உட்கார்ந்தார். நீ பட்டு வேட்டியோடு ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றாய். அந்த முகத்தோடுதான் நீ இப்போதும் என்னிடம் பேசுகிறாய்.

ஏசி ஏன் குளிரவில்லை தெரியுமா? நான் அதைச் சேமித்து வைத்தேன். சிரிக்காதே. நம் மலையில் காரில் ஏசி போடுகிறவன் உண்டா? எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த ஜீப் சின்னசாமி முதல் நாளே சொன்ன பாடம் அதுதான். "அக்கா, மலையில ஏசி போட்டா வண்டி இழுக்காதுங்க. அது கீழ் நாட்டுக்காரங்களுக்குத்தானுங்க" என்பான். பிரேக், கியர், ஹாரனுக்கு அடுத்தபடியாக இங்கே எல்லாரும் கற்கும் பாடம் அந்தப் பட்டனைத் தொடாதே என்பது. நான் ஒரு படி மேலே போனேன். உன் நிச்சயத்துக்கு உதவும், புதுசாக இருக்கட்டும் என்று, பீரோவில் பட்டுப்புடவை வைப்பதுபோல அந்த ஏசியை மழைக்காலம் பனிக்காலம் முழுவதும் தொடாமல் வைத்திருந்தேன். புடவை பீரோவில் இருந்தால் கெடாது. ஏசி கெட்டுப்போகும். இது எனக்குத் தெரியாது, சின்னசாமிக்கும் தெரியாது, இந்த மலையில் பாதிப் பேருக்குத் தெரியாது.

நிச்சயம் முடிந்த மறுவாரமே அடிவாரத்தில் ஒரு கடையில் வண்டியை விட்டேன். காஸ் இல்லை என்றார், அடித்துவிட்டார். பட்டனைப் போட்டதும் ஜில்லென்று வந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. சித்திரை பிறப்பதற்குள் மறுபடி வெறும் காற்று. அந்தக் கடைக்காரர் கொஞ்சமும் அசராமல், "மறுக்கா அடிச்சரலாமுங்க" என்றார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. மறுபடி அடித்தால் மறுபடி போகும், அது என்றைக்குப் போகும் என்று யாருக்கும் தெரியாது. முகூர்த்தத்தன்று குப்பனூர் தாண்டினதும் காஸ் போய்விட்டால் நான் என்ன செய்வேன்?

ஏற்காடு பஜாரில் பிஸ்கட் கடை வைத்திருக்கும் பாயிடம் புலம்பினேன். அவர் தம்பி அன்வர் சேலத்தில் கார் ஏசி வேலைதான் செய்கிறாராம். நான் போன நேரம் அன்வர் கடை வாசலில் வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. அன்வர் பாய் சும்மா இருக்கிற ஆள் இல்லை. வாயும் ஓடும், கையும் ஓடும், நடுவில் இரண்டு போனும் பேசுவார். அப்பாவைப் பற்றியும் உன் கல்யாணத்தைப் பற்றியும் சொன்னேன். "ஏசிங்கறது என்னன்னு நெனச்சீங்க அக்கா? குளுருன்னு ஒண்ணு கெடையவே கெடையாதுங்க. உள்ள இருக்கற சூட்ட எடுத்து வெளிய கொட்டறதுதான் ஏசி" என்று ஆரம்பித்தார். வந்தவர்கள் எல்லாரிடமும் இதைச் சொல்வார் போல, ஒப்பிப்பதுபோல வந்தது. ஆனால் நான் விடவில்லை. சூடு எப்படிப் போகும் என்று கேட்டேன். ஊசி போடும் முன்னால் நர்ஸ் பஞ்சில் ஸ்பிரிட் தடவினால் ஏன் ஜில்லென்று இருக்கிறது என்று திருப்பிக் கேட்டார். ஸ்பிரிட் ஆவியாகப் போகும்போது தோலில் இருக்கிற சூட்டையும் சேர்த்துக்கொண்டு போகிறது, வேர்வையும் அதே வேலையைத்தான் செய்கிறது, ஏசியும் அதே வேலையைத்தான் செய்கிறது என்றார். அவர் அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விட்டார். நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். உன் அப்பாவுக்கு நின்றுபோனது என்ன என்று இத்தனை வருஷம் கழித்து ஒரு மெக்கானிக் கடையில் எனக்குப் புரிந்தது. அந்த ஏசி அவருக்குச் சொகுசு இல்லை கண்ணு. அவர் உடம்பில் ஊறாமல் போன வேர்வை அது.

அதற்கப்புறம் எனக்கு ஒவ்வொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆகிவிட்டது. பானட்டைத் திறக்கச் சொல்லிக் காட்டச் சொன்னேன். இன்ஜின் பெல்ட்டோடு சேர்ந்து சுற்றுவது கம்ப்ரஸர். ஏசி பட்டனைப் போட்டதும் டக்கென்று ஒரு சத்தம் கேட்கிறதே, அது கம்ப்ரஸர் கிளட்ச் பிடிக்கும் சத்தம். அது காஸை நெருக்கித் தள்ளுகிறது. நெருக்க நெருக்க காஸ் கொதிக்கிறது. முன்பக்கம் ரேடியேட்டருக்கு முன்னால் சல்லடை மாதிரி இருப்பது கண்டென்ஸர். அங்கே எதிர்க்காற்றும் ஃபேனும் பட்டுச் சூடு வெளியே போக, காஸ் தண்ணீர் மாதிரி ஆகிறது. அப்புறம் ஈரத்தை உறிஞ்சும் ஒரு சிறு குப்பி. அதன்பின் ஊசித் துளை அளவுள்ள ஒரு வழியாக, டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் கூலிங் காயிலுக்குள் பீய்ச்சுகிறது. அங்கே சட்டென்று ஆவியாகி, வண்டிக்குள் இருக்கும் சூட்டையெல்லாம் இழுத்துக்கொண்டு திரும்பக் கம்ப்ரஸருக்குப் போகிறது. இப்படியே சுற்றிச் சுற்றி. அதே காஸ்தான். "பெட்ரோல் மாதிரி இது தீந்துபோற சாமான் இல்லீங்க அக்கா. கொறஞ்சிருக்குதுன்னா எங்கியோ ஓட்டைன்னு அர்த்தம்" என்றார். நம் வண்டியில் ஏன் ஓட்டை என்றும் சொன்னார். காஸோடு சேர்ந்து ஒரு எண்ணெயும் ஓடுகிறது, கம்ப்ரஸர் தண்டில் இருக்கும் ரப்பர் சீலை அந்த எண்ணெய்தான் காயாமல் வைத்திருக்கிறது. மாதக்கணக்கில் ஏசியே போடாவிட்டால் எண்ணெய் ஓடாது, சீல் காய்ந்துபோகும், காஸ் கசியும். நான் சேமித்து வைத்த லட்சணம் அதுதான்.

ஓட்டை என்று சொன்ன அதே வாயால், "கல்யாணத்துக்கு இன்னும் கொஞ்ச நாள்தானுங்களே, இப்போதைக்குக் காஸ் அடிச்சு உடறேன், அப்பறமா வாங்க, சாவகாசமாப் பாத்துக்கலாம்" என்றார் பார். வாசலில் அத்தனை வண்டி நிற்கிறதல்லவா, அவர் அவசரம் அவருக்கு. "காஸ் வேண்டாமுங்க. ஓட்டை எங்கன்னு காட்டுங்க. பாக்காம நான் நகர மாட்டேன்" என்று ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். அவர் என்னைப் பார்த்தார். "எங்கம்மா மாதிரியே இருக்கறீங்க" என்றார். அது பாராட்டா வசவா என்று தெரியவில்லை.

கம்ப்ரஸர் முனையில் கறுப்பாகப் பிசுக்கு இருந்தது. காஸ் கசியும் இடத்தில் எண்ணெயும் கசியும், அதில் தூசி ஒட்டும், அதை வைத்தே கண்டுபிடிக்கலாமாம். இருந்த காஸை மெஷினில் இழுத்துவிட்டுச் சீலை மாற்றினார், ஈரம் உறிஞ்சும் குப்பியையும் மாற்றினார். பிறகு பம்ப் போட்டுக் குழாய்க்குள் இருக்கும் காற்று, ஈரம் எல்லாவற்றையும் உறிஞ்சி எடுத்தார். மீட்டரில் முள் பூஜ்யத்துக்குக் கீழே போயிற்று. பம்பை நிறுத்தி வால்வை மூடிவிட்டால் முள் அசையாமல் நிற்க வேண்டும், மேலே ஏறினால் இன்னும் எங்கோ ஓட்டை. அவர் டீ குடிக்கப் போய்விட்டார். நான் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாலைப் பொங்க விட்டுவிடக் கூடாது என்று அடுப்பைப் பார்ப்பதுபோல. முள் ஏறியது. மிகக் கொஞ்சம்தான், ஆனால் ஏறியது. வந்து பார்த்தவர், "இதெல்லாம் ஒரு ஏத்தமாங்க, ஹோஸ்ல இருக்கும்" என்றார். "ஹோஸ்ல இருந்தா ஹோஸ மாத்திப் போட்டுக் காட்டுங்க" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே மாற்றினார், மறுபடியும் ஏறியது. அதற்கப்புறம் அவருக்கே ரோஷம் வந்துவிட்டது. குழாய்க்குள் காற்றை ஏற்றிவிட்டுச் சோப்புத் தண்ணீரும் டார்ச்சுமாகக் குனிந்தவர், கண்டென்ஸரில் குழாய் சேருமிடத்தில் நசுங்கிப்போன ஒரு சின்ன ரப்பர் வளையத்தைக் கண்டுபிடித்தார். சுண்டுவிரல் மோதிரத்தைவிடச் சிறியது. அதை என் உள்ளங்கையில் வைத்து, "இந்தாங்க, உங்க வூட்டுக்காரரோட எதிரி" என்றார். அதை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன், உனக்குக் காட்ட வேண்டும்.

புது வளையம் போட்டு, மறுபடி பம்ப் ஓட்டி, முள் அசையாமல் நின்ற பிறகுதான் காஸ். அதையும் தராசில் எடை பார்த்து, பானட்டில் எழுதியிருக்கும் அளவுக்கு ஏற்றினார். கூட ஏற்றினால் கூடக் குளிருமே என்று கேட்டேன். கூடினாலும் குளிராது, கம்ப்ரஸர்தான் கெடும் என்றார். கண்டென்ஸர் இடுக்கில் அடைந்திருந்த சில்வர் ஓக் இலையையும் பூச்சியையும் நீளவாட்டில் தண்ணீர் அடித்துக் கழுவினோம். டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து காற்று வடிகட்டியை உருவினார், அது நம் தோட்டத்து மண்ணில் பாதியை வைத்திருந்தது. ஃபேனைத் தனியாக ஓட விட்டுப் பார்த்தார். வண்டி ஓடும்போது எதிர்க்காற்று இருக்கிறது, ஓரிடத்தில் நிற்கும்போது அந்த ஃபேன்தான் எல்லாம், அது நின்றால் ஏசி சுடுகாற்று ஊதும் என்றார். மண்டப வாசலில் நிற்கப்போகிற வண்டி என்பதால் அதை இரண்டாம் முறையும் ஓட விடச் சொன்னேன். அவரும் ஓட விட்டார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் எங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. அப்பாவைப் பலகை வைத்து நாற்காலியிலிருந்து காருக்கு நகர்த்தி, கம்பளியைப் போர்த்தி, ஏசியைப் போட்டு ஏற்காடு ஏரி வரைக்கும் போய்த் திரும்புகிறோம். கோடை மழைக்கு அப்புறம் மலையெல்லாம் பனிமூட்டமாக இருக்கிறது, நாங்கள் ஏசி போட்டுக்கொண்டு போகிறோம். சின்னசாமி ஜீப்பை ஓரங்கட்டி, "ஏனுங்க அக்கா, மேலுக்கு செரியில்லீங்களா" என்று விசாரித்தான். அவன் ஜீப் கண்ணாடி உள்பக்கம் ஆவி படிந்து, செய்தித்தாளால் துடைத்துத் துடைத்து ஓட்டிக்கொண்டிருந்தான். என் கண்ணாடி துடைத்து வைத்த பாத்திரம் மாதிரி இருந்தது. ஏசி சூட்டை மட்டுமா எடுக்கிறது, காற்றில் இருக்கிற ஈரத்தையும் எடுத்து வண்டிக்கு அடியில் சொட்டுச் சொட்டாக விட்டுவிடுகிறது. கீழே குனிந்து அந்தச் சொட்டைக் காட்டினேன். "ரேடியேட்டர் ஒழுகுதுங்க அக்கா" என்றான். அவனுக்குச் சொல்லிப் புரிய வைப்பதற்குள் உன் அப்பா உள்ளே சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டு நொம்ப நாள் ஆயிற்று.

நீ கேட்கப்போகும் கேள்விகள் எனக்குத் தெரியும். வாடகைக் கார் வைத்துக்கொள்ளலாமே என்பாய். எந்த டிரைவராவது மலையில் ஏசி போடுவானா? நான் வழி முழுவதும் அவனோடு சண்டை போடுவேனா, அப்பாவைப் பார்ப்பேனா? முந்தின நாளே வந்து லாட்ஜில் தங்கலாமே என்பாய். அவருடைய காற்று மெத்தை இல்லாமல் ஒரு ராத்திரி படுத்தால் முதுகில் புண் வரும், அது ஆறுவதற்கு உன் முதல் கல்யாண நாளே வந்துவிடும். ஏறும்போது இன்ஜின் சூடாகாதா என்பாய். ஆகும், சின்னசாமி சொன்னதில் பாதி உண்மைதான், கம்ப்ரஸர் இன்ஜினின் பலத்தைத்தான் தின்கிறது. அதனால் திரும்பும்போது வெயில் தாழ்ந்து கிளம்புவேன். இரண்டாவது கியரில் மெதுவாக ஏறுவேன். சூட்டு முள் ஏறினால் ஏசியை நிறுத்தி, வளைவில் ஓரங்கட்டி இன்ஜினை ஆற விடுவேன். அதற்குள் மலைக்காற்று வந்துவிடும். பயமாக இல்லையா என்பாய். இருக்கிறது. அந்த டீக்கடை வாசல் அடிக்கடி கனவில் வருகிறது. பயமாக இருக்கிறது என்பதற்காக ஒருவருக்குச் சேர வேண்டியதை அவருக்கு இல்லை என்று நாம் முடிவு செய்யக் கூடாது.

நீ அவரைக் கேட்கவே இல்லை, கண்ணு. என்ன செய்யப்போகிறோம் என்று சொன்னாய், அவர் சரி என்றார். நானும் கேட்காமல்தான் இருந்தேன். நாலு நாளைக்கு முன்னால் கேட்டேன். "ஏனுங்க, நிசமாச் சொல்லுங்க, போலாமா வேண்டாமா?" அவர் சொன்னது இது. "போலாம் புள்ள. வழியில உசுரு போனாலும் மவன் கல்யாணத்துக்குப் போற வழியில போனதா இருக்கட்டும்." எனக்குக் கோபம் வந்துவிட்டது. "சாவறதுக்கெல்லாம் நான் பெட்ரோல் போடறது இல்லீங்க" என்றேன். அதற்கும் சிரித்தார்.

கல்யாணம் கட்டப்போகிற உனக்கு அம்மா புத்திமதி சொல்லாமல் விட்டால் நன்றாக இருக்காது. இப்போது எனக்கு எதைச் சொன்னாலும் ஏசியில்தான் போய் முடிகிறது, உன் அப்பாவே கிண்டல் செய்கிறார். ஆனாலும் சொல்கிறேன். நல்ல நாளுக்கு ஆகட்டும் என்று பிரியத்தைப் பூட்டி வைக்காதே. தினம் கொஞ்சமாவது அவளோடு உட்கார்ந்து பேசு, வேலையில் இருந்து எவ்வளவு களைத்து வந்தாலும். உங்களுக்குள் ஏதாவது குறைகிறது என்று பட்டால் ஒரு புடவை வாங்கிக் கொடுத்து மேலுக்குச் சரிக்கட்டாதே, எங்கே குறைகிறது என்று கேள். அவள் சொல்லும்போது அவசரப்படாமல் உட்கார்ந்து கேள். அவள் நல்லதுக்குத்தான் என்று நீயாக முடிவு செய்து அவளிடம் சொல்லாதே. அம்மணி, உனக்கும் அதேதான், இவன் பயந்தால் பிடிவாதம் பிடிப்பான், அது என்னிடமிருந்து வந்தது.

இனி அன்றைக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள். மண்டபத்தில் மணமேடைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கதவு இருக்கிறது, அது வேப்பமர நிழலில் திறக்கிறது. அங்கே வேறு எந்த வண்டியும் நிற்கக் கூடாது, உன் நண்பர்களில் ஒருவனைக் காவல் வை. இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும், அப்பா காரில்தான் இருப்பார். கெட்டிமேளத்துக்குச் சற்று முன்னால் நானும் பெரியப்பாவும் அவரை நாற்காலியில் இறக்கி அந்தக் கதவு வழியாகக் கொண்டு வருவோம். கழுத்தில் ஈரத்துண்டு, என் கையில் செடிக்கு அடிக்கும் தண்ணீர் பாட்டில், பக்கத்தில் ஒரு மேசை ஃபேன். தெளித்துக்கொண்டே இருப்பேன். பட்டுச் சட்டை நனைந்தால் நனையட்டும், போட்டோவில் அசிங்கமாக இருக்கும் என்று யாராவது சொன்னால் என்னிடம் அனுப்பு. தாலி ஏறியதும் அவர் காருக்குத் திரும்பிவிடுவார். அதற்கு மேல் ஒரு நிமிஷம்கூட நான் ஆசைப்பட மாட்டேன், இது உனக்கு நான் தரும் வாக்கு.

சின்னக் கதவும் வேப்பமரமும் எனக்கு எப்படித் தெரியும் என்று நீ யோசிக்கிறாய். இப்போது சொல்கிறேன், முழுவதும் படிக்கச் சொன்னது இதற்காகத்தான். இந்தக் கடிதத்தை நான் வீட்டில் உட்கார்ந்து எழுதவில்லை. முதல் வரியிலிருந்தே ஸ்டீயரிங்மேல் அட்டையை வைத்து, அந்த வேப்பமரத்தடியில்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். வெளியே வைகாசி உச்சி வெயில், தார் இளகி நாறுகிறது. மண்டபத்துக் காவல்காரர் வந்து கண்ணாடியைத் தட்டி, "இன்னிக்கு விசேசம் ஒண்ணும் இல்லீங்களே" என்றார். "தெரியுமுங்க, ஒத்திகை பாக்கறோம்" என்றேன். தலையைச் சொறிந்துகொண்டு போனவர், திரும்பி வந்து கதவைத் திறந்து காட்டினார். ஃபேன் சுற்றுகிறது, சூட்டு முள் நடுவில் நிற்கிறது, வண்டிக்கு அடியில் சொட்டிய தண்ணீரைக் குடிக்க ஒரு காக்கை வந்திருக்கிறது. அப்பாவின் அக்குளில் தெர்மாமீட்டர் வைத்து வைத்துப் பார்க்கிறேன், என்னைவிட அவர் உடம்பு நன்றாக இருக்கிறது.

இப்போது, நான் இந்த வரியை எழுதும்போது, பின்னாலிருந்து கூப்பிடுகிறார். "ஏ புள்ள, குளுருதுடி. கொஞ்சம் கொறச்சு வையி." சேலத்து வெயிலில், கண்ணு. பேனாவை வைத்துவிட்டு ஸ்வெட்டரை எடுத்துப் போர்த்திவிட்டு வந்தேன். கண்ணைத் துடைக்க வேண்டியும் இருந்தது.

உனக்கு ஒரு சேதி சொல்லச் சொல்கிறார். ஆசீர்வாதம் செய்யக் கை தூக்க முடியாது, அதனால் தாலி கட்டி முடிந்ததும் நீங்கள் இரண்டு பேரும் காருக்கு வர வேண்டுமாம். அவர் மடியில் தலையை வைக்க வேண்டுமாம். மடியில் உணர்ச்சி இல்லை, ஆனால் கண்ணால் பார்த்துக்கொள்வாராம். அவசரப்படாமல் வை. அவர் போதும் என்று சொல்லும்வரை தலையை எடுக்காதே.

கதவை மட்டும் திறந்தபடி விட்டுவிடாதே சாமி. இரண்டு பேரும் உள்ளே ஏறிச் சாத்திக்கொள்ளுங்கள். சூடு உள்ளே வந்துவிடும்.

உன் அம்மா